ஒரே அணி, மூன்று பயிற்சியாளர்கள்: ரைட், சேப்பல், கிர்ஸ்டன்

வெற்றி பெற்ற பயிற்சியாளர்களின் தலைமைப் பாணியை ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கால்பந்தின் அலெக்ஸ் பெர்குசனையும் கூடைப்பந்தின் ஃபில் ஜாக்சனையும் அருகருகே நிறுத்தி, ஒருவர் கண்டிப்பானவர், மற்றவர் அமைதியானவர் என்று முடித்துவிடுகிறார்கள். இருவருக்கும் வாய்த்த ஆட்டக்காரர்கள் வேறு, கையில் இருந்த அதிகாரம் வேறு, தோற்றால் கேள்வி கேட்பவர்கள் வேறு. அப்படியிருக்க, வெற்றிக்குக் காரணம் அவர்களுடைய பாணியா, சூழலா என்று எப்படிப் பிரித்தறிவது? ஒப்பீடு பொருள்பட வேண்டுமானால், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை, அதே வாரியத்தின் கீழ், அதே ரசிகர்களுக்கு முன்னால் வெவ்வேறு மனிதர்கள் நடத்திய காலம் ஒன்று கிடைக்க வேண்டும்.

அப்படி ஒரு காலம் இந்திய கிரிக்கெட்டில் இருந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2005 வரை நியூசிலாந்தின் ஜான் ரைட், 2005 முதல் 2007 வரை ஆஸ்திரேலியாவின் கிரெக் சேப்பல், 2008 முதல் 2011 வரை தென்னாப்பிரிக்காவின் கேரி கிர்ஸ்டன் ஆகிய மூவர் இந்திய அணியின் பயிற்சியாளர்களாக இருந்தார்கள். டெண்டுல்கர், டிராவிட், லட்சுமண், சேவாக், ஜாகீர் கான், ஹர்பஜன், யுவராஜ் ஆகியோர் மூவரின் கீழும் ஆடியவர்கள். ரைட்டின் காலத்தில் அணி எழுந்தது, சேப்பலின் காலத்தில் உடைந்தது, கிர்ஸ்டனின் காலத்தில் உலகக் கோப்பையை வென்றது என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் கதை. கதை தவறில்லை, ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பாதிதான் சரி என்பது என் கருத்து.

முதலில் அந்தப் பதவியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர் யார் ஆடுவது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவரை வெளியே அழைத்து இன்னொருவரை அனுப்புகிறார். கிரிக்கெட்டில் அணியைத் தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கிறது, களத்தில் கேப்டன் ஆள்கிறார், சம்பளத்தை வாரியம் தருகிறது. தேர்வுக் கூட்டத்தில் பயிற்சியாளர் கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. ஆனால் தோற்றுத் திரும்பும்போது மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதுபோல் வாரியமும் ரசிகர்களும் அவரையே கேட்பார்கள். ஆகவே இந்தியப் பயிற்சியாளரின் தலைமைத் திறன் என்பது, தம்மிடம் இல்லாத அதிகாரத்தைக் கொண்டு காரியம் நடத்தும் திறன். இதை மூவரும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

சூதாட்டப் புகார்களால் இந்திய கிரிக்கெட்டின் மானம் கப்பலேறியிருந்த நேரத்தில் ஜான் ரைட் வந்தார். அவருக்கு முன் பொறுப்பில் இருந்த கபில்தேவ் செப்டம்பர் 2000இல் விலகியிருந்தார். சௌரவ் கங்குலி கேப்டனாகி ஓராண்டுகூட ஆகவில்லை. 82 டெஸ்ட் ஆடிய துவக்க ஆட்டக்காரரான ரைட், இங்கிலாந்தின் கென்ட் அணிக்குப் பயிற்சியளித்தவர். 2000இல் அங்கே ஆடிய டிராவிட்டின் நல்ல அபிப்பிராயமும் அவருக்குத் துணை நின்றது. இந்திய அணிக்கு வந்த முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் அவர்தான். பழக்கம் இல்லாத அந்தப் பதவியில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவருக்குச் சொல்வதற்கும் ஆள் இல்லை.

அவர் செய்த முதல் நல்ல காரியம், கங்குலியோடு போட்டி போடாமல் இருந்தது. கங்குலி வெளிப்படையாகப் பேசுகிறவர், தாம் நம்பும் ஆட்டக்காரருக்காகத் தேர்வுக் குழுவோடு மல்லுக்கு நிற்பவர், எதிரணிக் கேப்டனை வேண்டுமென்றே சீண்டுகிறவர். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய குரல் எழுந்திருந்தால் அணி இரண்டாகியிருக்கும். ரைட் உடற்தகுதி, வலைப்பயிற்சி, எதிரணியைப் பற்றிய தயாரிப்பு ஆகிய பணிகளைத் தம் பொறுப்பாக வைத்துக்கொண்டு மேடையை கங்குலிக்கு விட்டுக்கொடுத்தார். ஆண்ட்ரூ லீபஸ், அட்ரியன் லி ரூ போன்ற உடலியல் வல்லுநர்களின் துணையோடு, ஓடுவதையும் பந்து தடுப்பதையும் இரண்டாந்தரமாகக் கருதிய பழக்கத்தை அவர் மெல்ல மாற்றினார். செய்தித்தாளில் தலைப்பாகும் வேலையில்லை அது.

2001 மார்ச்சில் மும்பை டெஸ்டில் ஆஸ்திரேலியாவிடம் மூன்றே நாளில் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்று, கொல்கத்தாவிலும் ஃபாலோ ஆன் வாங்கிய (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வைக்கப்பட்ட) இந்தியா, அங்கிருந்து எப்படி மீண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். லட்சுமண் 281, டிராவிட் 180, நான்காம் நாள் முழுவதும் விக்கெட் விழாத 376 ரன் கூட்டணி, இறுதியில் 171 ரன் வெற்றி. அந்தப் பெருங்கதைக்குள் ஒரு சிறு செய்தி இருக்கிறது. முதல் இன்னிங்ஸில் 59 ரன் எடுத்துவிட்டுத் திரும்பிய லட்சுமணிடம், கால்காப்பைக் கழற்ற வேண்டாம், இரண்டாம் இன்னிங்ஸில் மூன்றாவதாக நீங்களே இறங்குங்கள் என்று ரைட் சொன்னதாக லட்சுமணே கூறியிருக்கிறார். மூன்றாம் இடம் டிராவிட்டுடையது. அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை ஆறாம் இடத்துக்கு இறக்கிய முடிவு அது. கேப்டனின் சம்மதத்தோடு நடந்தது, டிராவிட்டும் அதை ஏற்றுக்கொண்டு 180 எடுத்தார். நான்காண்டுகள் கழித்து சேப்பலும் ஆட்டவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தார். மாற்றுவது குற்றமில்லை, மாற்றப்பட்டவருக்கு அதில் என்ன புரிந்தது என்பதே முக்கியம் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். (அத்தொடரை சேப்பாக்கத்தில் இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்று முடித்தோம் என்பதை ஒரு சென்னைக்காரன் சொல்லாமல் கடந்துபோக முடியாது.)

ரைட் சாதுவும் அல்லர். 2002 இங்கிலாந்துப் பயணத்தில், பொறுப்பில்லாமல் அடித்து ஆட்டமிழந்து வந்த சேவாக்கின் சட்டைக் காலரைப் பிடித்து அவர் உலுக்கிய கதை பின்னாளில் வெளிவந்தது. இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் மாலைக்குள் நாடு முழுவதும் பரவிவிடும். அன்று அது உடைமாற்றும் அறையைத் தாண்டி உடனே வெளியே வரவில்லை. சேவாக் கோபப்பட்டார், சமாதானம் ஆனது, அவரே அதைச் சிரித்துக்கொண்டு சொல்லும் காலமும் வந்தது. நடந்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபம் கொண்டவர் முகத்துக்கு நேராகவே கோபம் கொண்டார், வேறு யாரிடமும் புகார் எழுதவில்லை என்பதை ஆட்டக்காரர்கள் கவனித்திருப்பார்கள். ரைட்டின் காலத்தில் இந்தியா 2003 உலகக் கோப்பையின் இறுதிக்குச் சென்றது, அடிலெய்டில் வென்று ஆஸ்திரேலியாவில் தொடரைச் சமன் செய்தது, 2004இல் பாகிஸ்தான் மண்ணில் முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றது. அவருடைய கடைசி ஓராண்டில் அணி சோர்ந்துபோனதும் உண்மை. கேப்டனின் நிழலில் நிற்கும் பாணிக்கு ஒரு விலை உண்டு: கேப்டனின் ஆட்டம் தளரும்போது அதைச் சொல்லும் துணிவு அந்த நிழலில் நிற்பவருக்கு வருவதில்லை.

அந்தத் துணிவு மட்டும் மிகுதியாக இருந்தவர் கிரெக் சேப்பல். 87 டெஸ்டில் 7,110 ரன், சராசரி ஐம்பதுக்கும் மேல். மூவரில் ஆட்டக்காரராகப் பெரியவர் அவரே. அவருடைய நோய்நாடல் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இந்திய அணி வயதாகிறது, ஓட முடியாதவர்கள் அதிகம், இடம் நிரந்தரம் என்ற எண்ணம் மூத்தவர்களிடம் வேரூன்றிவிட்டது, புதியவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றார். அதைச் செயலிலும் காட்டினார். பந்துவீச்சாளரான இர்ஃபான் பதானை மூன்றாவதாக இறக்கிய நாளில் அவர் 83 அடித்தார். ஜெய்ப்பூரில் தோனியை மூன்றாவதாக அனுப்பியபோது அவர் ஆட்டமிழக்காமல் 183 எடுத்தார். பெரும்பாலும் டிராவிட்டின் தலைமையில் தொடர்ந்து 17 ஒருநாள் போட்டிகளில் இலக்கை விரட்டி வென்றது சேப்பலின் காலத்து அணிதான். 1971க்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் தொடரை வென்றதும், தென்னாப்பிரிக்காவில் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் 2006இல். சேப்பலை வெறும் தோல்வியாளர் என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பிறகு எங்கே கெட்டது? பொறுப்பேற்ற சில மாதங்களில், செப்டம்பர் 2005இல், ஜிம்பாப்வேயில். கேப்டன் பதவியை விட்டு விலகும்படி தமக்கு ஆலோசனை சொல்லப்பட்டது என்று புலவாயோவில் சதமடித்த கங்குலி செய்தியாளர்களிடம் போட்டு உடைத்தார். அதையடுத்து, கங்குலி உடலாலும் மனத்தாலும் தலைமை தாங்கும் நிலையில் இல்லை என்ற பொருளில் சேப்பல் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. யார் கசியவிட்டார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் அதைப் படித்துவிட்டு, நாளை என்னைப் பற்றியும் இப்படி ஒரு கடிதம் போகும் என்று நினைத்திருப்பார் அல்லவா? அந்த நவம்பரில் ஈடன் கார்டனில் கொல்கத்தா ரசிகர்கள் இந்தியாவுக்கு எதிராக, தென்னாப்பிரிக்காவுக்குக் கைதட்டினார்கள். கங்குலி திரும்பி வந்து, அந்த முதல் தென்னாப்பிரிக்க வெற்றியின்போது ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 51 ரன் எடுத்தது, தகுதி பற்றிய அந்தத் தீர்ப்புக்கு அவர் மட்டையால் தந்த மறுமொழி.

சேப்பலின் குறை, கண்டிப்பாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை. நம்பிக்கையைச் சம்பாதிப்பதற்கு முன்பே செலவழிக்கத் தொடங்கியதுதான் குறை. கங்குலிக்குப் பின் கேப்டனான டிராவிட் மென்மையானவர், அவருக்கு எதிரே சேப்பலின் குரலே அணியின் குரலாகக் கேட்டது, அதனால் கேப்டனும் தம் இடத்தை இழந்தார். துவக்க ஆட்டக்காரராக உலகையே ஆண்ட டெண்டுல்கர், 2007 உலகக் கோப்பையில் நடுவரிசைக்கு அனுப்பப்பட்டார். மார்ச் 17 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 191 ரன்னுக்குச் சுருண்டு வங்கதேசத்திடமும், ஆறு நாள் கழித்து இலங்கையிடமும் தோற்று இந்தியா முதல் சுற்றோடு வெளியேறியது. தம் மனப்பான்மையே கேள்விக்குள்ளாக்கப்பட்டது வலித்தது என்று, பொதுவாக வாய் திறக்காத டெண்டுல்கர் வெளிப்படையாகச் சொன்னார். ஏப்ரலில் சேப்பல் விலகினார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இந்தியா நிரந்தரப் பயிற்சியாளர் இல்லாமல் ஆடி, இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரையும், முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையையும் வென்றது. பயிற்சியாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை. தொட்டால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது என்று பயமோ என்னவோ.

கேரி கிர்ஸ்டன் இந்தப் பதவிக்கு வந்த விதத்தை அவரே சொல்லிக் கேட்டால் சிரிப்பு வரும். சுனில் கவாஸ்கரிடமிருந்து மின்னஞ்சல் வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். பயிற்சியாளராக அனுபவம் இல்லை. நேர்காணலுக்கு எதையும் தயாரித்தும் வரவில்லை. சில நிமிடங்களில் பேச்சு முடிந்து, நீட்டப்பட்ட ஒப்பந்தத்தைப் பார்த்தால் அதில் கிரெக் சேப்பலின் பெயர் இருந்தது. சுட்டிக்காட்டியதும் அந்தப் பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதித் தந்தார்களாம். வாரியம் பதவியை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்: வேலை அதேதான், விதிகளும் அவைதான், ஆள் மட்டும் வேறு.

101 டெஸ்ட் ஆடிய கிர்ஸ்டன், பந்தை எறிந்து கொடுப்பதைத் தம் முதல் வேலையாக்கிக்கொண்டார். வலையில் மணிக்கணக்கில் நின்று, டெண்டுல்கருக்கும் டிராவிட்டுக்கும் அவர்கள் கேட்ட இடத்தில், கேட்ட வேகத்தில் எறிந்தார். இது பணிவு மட்டும் அல்ல. ஓர் ஆட்டக்காரரைத் தினமும் அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு, அவருடைய கால் எப்போது தயங்குகிறது, மனம் எப்போது வேறெங்கோ இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். கேள்வி கேட்காமலேயே பதில் கிடைக்கிறது. தாம் வந்த நேரத்தில் டெண்டுல்கர் ஆட்டத்தில் மகிழ்ச்சி இழந்து, விலகுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார் என்று கிர்ஸ்டன் பின்னர் சொல்லியிருக்கிறார். அதே டெண்டுல்கர் 2010 பிப்ரவரியில் குவாலியரில் ஆண்கள் ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதத்தை அடித்தார், அந்த ஆண்டில் 1,562 டெஸ்ட் ரன் குவித்தார். அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் யாரும் புதிதாக மட்டை பிடிக்கக் கற்றுத்தரவில்லை. பிடித்த இடத்தில் ஆட விட்டார்கள், அவ்வளவுதான். பல நாள்களில் பயிற்சிக்கு வருவதும் வராததும் ஆட்டக்காரரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. சேப்பலின் காலத்தில் கட்டாயத்தின் கீழ் முணுமுணுத்தவர்களில் பலர், கட்டாயம் இல்லாதபோது தாமாகவே வந்தார்கள்.

சேப்பலோடு ஒப்பிட ஒரு நிகழ்ச்சி கச்சிதமாகக் கிடைக்கிறது. 2009 செப்டம்பரில், சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன், கிர்ஸ்டனின் குழுவில் இருந்த மனவலிமைப் பயிற்சியாளர் பேடி அப்டன் ஆட்டக்காரர்களுக்காக எழுதிய குறிப்பு ஒன்று பத்திரிகையில் கசிந்தது. ஆட்டத்திறனுக்கும் பாலுறவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய வரிகள் அதில் இருந்தன. நாடே கேலி செய்தது. கிர்ஸ்டன் கடுங்கோபம் கொண்டார் என்று அப்டனே எழுதியிருக்கிறார். ஆனால் அணி உடையவில்லை. அந்த டிசம்பரில் இலங்கையை 2-0 என்று வென்று இந்தியா டெஸ்ட் தரவரிசையில் முதன்முறையாக முதலிடம் பிடித்தது. இரண்டு முறையும் கசிவு நடந்தது. முதல் முறை கசிந்ததில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிய தீர்ப்பு இருந்தது, இரண்டாம் முறை கசிந்ததில் யாரைப் பற்றிய குறையும் இல்லை. சிரித்துவிட்டு மறந்துபோக முடிந்தது அதனால்தான்.

தோனியோடு கிர்ஸ்டனுக்கு இருந்த உறவும் இந்த வழியில் அமைந்ததே. இருவரும் குறைவாகப் பேசுகிறவர்கள், களம் யாருடையது என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை. 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில், அடுத்து யுவராஜ் இறங்க வேண்டிய நேரத்தில், தோனி கண்ணாடியைத் தட்டி நானே போகிறேன் என்று சைகை காட்டினார், கிர்ஸ்டன் தலையசைத்தார். உலகக் கோப்பை இறுதியில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவில் பயிற்சியாளரின் பங்கு ஒரு தலையசைப்பு. தோனி ஆட்டமிழக்காமல் எடுத்த 91 ரன்னுக்குப் பிறகு கிர்ஸ்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அதற்கு முன்பே தோனியின் நன்றி வேறு விதத்தில் வெளிப்பட்டிருந்தது: பெங்களூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அணி செல்லவிருந்த காலையில், பாதுகாப்புக் காரணத்தால் கிர்ஸ்டன் உள்ளிட்ட வெளிநாட்டவர் மூவருக்கு அனுமதியில்லை என்று தெரிந்ததும், இவர்கள் என் ஆட்கள் என்று சொல்லி அவர் பயணத்தையே ரத்து செய்ததைக் கிர்ஸ்டன் மறக்காமல் சொல்வார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. கோப்பையை வென்ற நான்கு மாதங்களில் அதே மூத்தவர்கள் இங்கிலாந்தில் 4-0, பிறகு ஆஸ்திரேலியாவில் 4-0 என்று தோற்றார்கள். பொறுப்பில் அப்போது டங்கன் பிளெட்சர் இருந்தார். ஏச்சு அவருக்குப் போயிற்று. ஆனால் ஓட முடியாதவர்கள், அடுத்த தலைமுறைக்கு எப்போது வழிவிடுவது என்று சேப்பல் 2005இல் கேட்ட கேள்விகளை கிர்ஸ்டனின் இதமான அறை மூன்றாண்டுகள் ஒத்திப்போட்டது என்றுதான் நான் கருதுகிறேன். கோப்பைக்காக அது தகும் விலையாகவும் இருக்கலாம். இருந்தாலும், விலையே இல்லாததுபோல் அந்தப் பாணியைப் புகழ்வது சரியில்லை. மூவரில் எனக்கு மதிப்பு அதிகம் ரைட்டின் மேல். கிர்ஸ்டனுக்குக் கிடைத்தது வெல்லப் பழகிய அணி. அதை வெளிநாடுகளிலும் வெல்லப் பழக்கியது ரைட்டும் கங்குலியும் சேர்ந்து.

இது வெளிநாட்டவருக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. அனில் கும்ப்ளே 2016 முதல் ஓராண்டு பொறுப்பில் இருந்தபோது 17 டெஸ்டில் 12 வென்று, ஒன்றில் மட்டுமே தோற்றார். ஆனாலும் தம் பாணியில் கேப்டனுக்கு மனத்தடை இருப்பதாக வாரியம் தெரிவித்தது என்று சொல்லி 2017 ஜூனில் விலகினார். எண்கள் அவரைக் காப்பாற்றவில்லை.

கிர்ஸ்டனின் பிற்காலமும் பாணி என்பதன் எல்லையைக் காட்டுகிறது. தென்னாப்பிரிக்காவை 2012இல் டெஸ்ட் தரவரிசையின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர், ஐபிஎல்லில் டெல்லி அணியோடு 2014இலும் பெங்களூரு அணியோடு 2019இலும் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தார். மனிதர் அவரே, எறிந்து கொடுத்த கையும் அதுவே. இரண்டு மாதத்தில் கலைந்துவிடும் கூட்டத்தில் பொறுமையாக நம்பிக்கை வளர்க்க நேரம் இருப்பதில்லை. ஆனால் அதே ஐபிஎல்லில் ரைட் 2013இல் மும்பைக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அகமதாபாத்தில் ஓர் உள்நாட்டுப் போட்டியைப் பார்க்கப் போய், விநோதமாகப் பந்துவீசிய ஜஸ்பிரீத் பும்ரா என்ற பையனைக் கண்டெடுத்தவரும் அவரே.

2024 ஏப்ரலில் பாகிஸ்தானின் ஒருநாள் மற்றும் இருபது ஓவர் அணிகளுக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட கிர்ஸ்டன், அணித் தேர்வில் பயிற்சியாளரின் குரல் பறிக்கப்பட்ட நிலையில், ஆஸ்திரேலியப் பயணத்துக்குச் சற்று முன், அக்டோபரில் விலகினார். அவர் இல்லாமல் சென்ற பாகிஸ்தான் அங்கே ஒருநாள் தொடரை 2-1 என்று வென்றது. அந்தத் தொடரை இடைக்காலமாகக் கவனித்துக்கொண்ட டெஸ்ட் பயிற்சியாளர் ஜேசன் கில்லெஸ்பியும் டிசம்பரில் பாகிஸ்தானை விட்டுக் கிளம்பிவிட்டார்.